ஆட்சி அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்: வாக்களிக்கும் மக்களிடமா, வல்லுநர்களிடமா?

கோரையாறு எழுதியது (கேள்வி):

வணக்கம். திருத்துறைப்பூண்டி வட்டத்தில், ஆற்றுநீர் கடைசியாக வந்துசேரும் ஊர் ஒன்றில் சாகுபடி செய்துவருகிறேன். எங்கள் ஊர் உழவர் கூட்டத்தில் எழுந்த ஒரு வாதத்துக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. பாசனத்திலும் வரலாற்றிலும் தெளிவுள்ளவர்கள் இங்கே இருப்பதால் உங்கள் முன் வைக்கிறேன்.

மேட்டூர் அணையை வழக்கமான நாளான ஜூன் 12 அன்று திறப்பதா, தள்ளிப்போடுவதா என்பதுதான் பேச்சின் தொடக்கம். பொறியியல் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி உழவு பார்க்கும் தம்பி ஒருவர், இந்த முடிவை அமைச்சர்களிடமும் சங்கத் தலைவர்களிடமும் விட்டுவைப்பதே தவறு என்றார். 2023ஆம் ஆண்டு குறித்த நாளில் அணை திறக்கப்பட்டது. அணையில் நூறு அடிக்கு மேல் நீர் இருப்பதை நம்பி டெல்டாவில் ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் குறுவை, அதாவது ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல், போட்டோம். பருவமழை குறைந்து, கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய நீரும் வராமல், வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடையில் பல இடங்களில் பயிர் கண்ணெதிரே காய்ந்தது. அக்டோபரில் அணையையே மூடிவிட்டார்கள். நீர்க்கணக்கு தெரிந்த வல்லுநர்கள் மட்டும் அமர்ந்து முடிவெடுத்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று அவர் கேட்டார். அதற்கு ஒரு பெரியவர், "பயிர் போனால் கடன் கொடுத்தவன் வந்து நிற்பது என் வாசலில், வல்லுநர் வாசலில் இல்லை" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பேச்சு அத்தோடு நிற்கவில்லை. நாட்டின் நிதிநிலையும் நீர்நிலையும் அறியாதவருக்கும், அவற்றை வாழ்நாளெல்லாம் படித்தவருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு இருப்பது நியாயமா, வாக்களிக்க ஒரு சிறு தேர்வாவது வேண்டாமா என்ற இடத்துக்கு அது போய்விட்டது. தம்பியின் பேச்சில் ஓர் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பெரியவர் சொன்னதையும் தள்ள முடியவில்லை. இரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

அரசலாறு எழுதியது:

ஐயா, பாசனப் பிரிவில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். வாக்குரிமைக்குத் தேர்வு வைப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் சில அதிகாரங்களைத் தேர்தலில் வெல்பவர்களின் கையிலிருந்து எடுத்துத் துறை அறிந்தவர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அந்தத் தம்பி சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

காவிரி வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970களிலிருந்து தமிழகம், கர்நாடகம் ஆகிய இரு மாநில முதல்வர்களும் அமைச்சர்களும் எத்தனையோ முறை கூடிப் பேசினார்கள். நிலைத்த முடிவு ஒன்றும் எட்டவில்லை. அவர்கள் திறமையில்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன். விட்டுக்கொடுத்தவர் தம் மாநிலத்துக்குத் திரும்பி மக்களிடம் வாக்குக் கேட்க முடியாது என்பதுதான் காரணம். காவிரி நீரைப் பங்கிட அமைந்த நடுவர் மன்றம் 1991 ஜூனில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நீர் கிடைக்கும்படி இடைக்கால உத்தரவு பிறப்பித்தபோது, கர்நாடகத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு அதைச் செயலற்றதாக்க ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்ல உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. அந்த ஆண்டின் முடிவில் பெங்களூரில் தமிழர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியதில்லை. 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதே ஆண்டில் காவிரி மேலாண்மை ஆணையம் என்று இன்று நம் கையில் இருப்பவை எல்லாம் வாக்குப்பெட்டியிலிருந்து வந்தவை அல்ல.

இது மாநிலங்களுக்கு இடையில் மட்டும் நடப்பதன்று. முறை வைத்து நீர் விடும் காலத்தில் வாய்க்கால்களுக்கு நீரைப் பிரித்துவிடும் ஒரு நீரொழுங்கியின் அருகே இரவில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சுவரில் எழுதியிருக்கும் அடிக்கணக்கு, கீழே போகவேண்டிய நீரின் அளவைச் சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும். நள்ளிரவுக்கு மேல், நீர் முதலில் வந்துசேரும் தலைமடைப் பக்கத்திலிருந்து பத்திருபது பேர் வந்து, தங்கள் வாய்க்காலின் ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்வார்கள். ஷட்டரை இயக்கும் ஊழியரான லஸ்கர் ஒற்றையாள், என்ன செய்வார்? காலையில் அவர் அதை இறக்கினால் பொறியாளருக்குத் தொலைபேசி வரும். மறுமுனையில் பேசுபவர் தேர்தலில் வென்றவராக இருப்பார். உங்கள் கடைமடைக்கு நீர் வராமல் போவதற்கு வானத்தைவிட இந்தத் தொலைபேசிகள் பெரிய காரணம் என்பதை முப்பதாண்டுப் பணியில் நான் கண்டிருக்கிறேன். தலைமடையில் வாக்கும் செல்வாக்கும் மிகுதி. பெரும்பான்மையே முடிவு செய்யட்டும் என்றால், வாய்க்காலின் கடைசியில் இருப்பவர் என்றும் கடைசியில்தான் இருப்பார்.

தேர்தல் ஆணையத்தையும் தணிக்கைத் துறையையும் ரிசர்வ் வங்கியையும் நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அவை சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தனித்து நிற்பதால்தான் ஓரளவாவது நம்பத்தக்கவையாக இருக்கின்றன. நீரும் அப்படி இருக்கட்டும் என்கிறேன்.

வெண்ணாறு எழுதியது:

அரசலாறு ஐயா விவரித்த இரவு உண்மையானது. அதை மறுத்து ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் காவிரி வழக்கின் கதையை அவர் நடுவிலிருந்து தொடங்கியிருக்கிறார். அந்த நடுவர் மன்றம் எப்படி வந்தது? டெல்டா உழவர்களின் சங்கம் ஒன்று 1983இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. அந்த வழக்கில்தான் 1990இல் நடுவர் மன்றம் அமைக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவு வந்தது. அந்த மன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது 1956இல் நாடாளுமன்றம் இயற்றிய பன்மாநில நதிநீர்த் தகராறுச் சட்டம். வல்லுநர்கள் வந்து அமர்ந்து தீர்த்தார்கள் என்பது சரி. அந்த நாற்காலியைப் போட்டவர்கள் குடிமக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களும்தான். ஆணையத்தில் இன்றும் மாநில அரசுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி மேட்டூர். ஜூன் தொடக்கத்தில் அணையில் இவ்வளவு நீர் இருக்கிறது, கடந்த பல ஆண்டு மழைக்கணக்கின்படி இவ்வளவு வர வாய்ப்புண்டு, இத்தனை நாளைக்கு இத்தனை கன அடி விடலாம் என்று நீரியல் அறிந்தவர் சொல்வார். அதை அவர்தான் சொல்ல வேண்டும். அதில் அமைச்சரோ நானோ கைவைக்கக் கூடாது. ஆனால் கணக்கு முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நீர் போதுமா போதாதா என்ற எல்லைக்கோட்டில் இருக்கும் ஆண்டில், குறுவைக்குத் திறந்து அதன்பின் வரும் நீண்ட கால நெல்லான சம்பாவைப் பணயம் வைப்பதா, குறுவையைக் கைவிட்டுச் சம்பாவைக் காப்பதா? நிலத்தடி நீர் நன்றாக இருக்கும் இடத்தில் போர்செட் வைத்திருப்பவர் மே மாதத்திலேயே நாற்றங்கால் போட்டுவிடுவார். அணை திறப்பு சற்றுத் தள்ளிப்போனாலும் அவருக்குப் பெரிய இழப்பில்லை. கடற்கரையை ஒட்டிய கடைமடையில் நிலத்தடி நீர் உப்பு. அவருக்கு ஆறு ஒன்றே கதி. நிலமில்லாத நடவுப் பெண்களுக்கோ, குறுவை இல்லையென்றால் அந்தப் பட்டத்துக் கூலியே இல்லை. இவர்களில் யார் இழப்பது என்பதை எந்தச் சூத்திரத்தில் போட்டுக் கண்டுபிடிப்பது? இது அறிவியல் கேள்வியே அன்று. யாருடைய இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி இது. இதற்கு விடை சொல்லும் உரிமை, இழப்பவர்களுக்கும் அவர்கள் பதவியிலிருந்து இறக்கக் கூடியவர்களுக்கும்தான் உண்டு. பெரியவர் தம் வாசலைப் பற்றிச் சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

வாக்குரிமைக்குத் தேர்வு என்பது புதிய யோசனை அன்று. கப்பலைச் செலுத்தக் கடலறிந்த மாலுமி வேண்டும், பயணிகளின் வாக்கெடுப்பு வேண்டாம் என்று பிளேட்டோ வாதிட்டார். 19ஆம் நூற்றாண்டில் ஜான் ஸ்டூவர்ட் மில் வாக்குரிமையை விரிவாக்க விரும்பியவர். ஆனாலும் கற்றவர்களுக்குக் கூடுதல் வாக்குகள் தர வேண்டும் என்றார். நம் பக்கத்திலேயே சான்று உண்டு. மக்களாட்சியின் பெருமையாக நாம் எடுத்துக்காட்டும் உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுவதும் படித்துப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்த அந்தக் குடவோலை முறையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) குறையாமல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேத அறிவு ஆகியவை வேண்டும்; ஒரு வேதமும் அதன் விளக்கமும் கற்றுத் தேர்ந்தவருக்கு மட்டும் அரைக்கால் வேலியே போதும். கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிவைத்த அந்த விதி இன்றைக்கும் வேண்டியதுதான். அதை மனதார மதிக்கிறேன். ஆனால் அந்த ஏரியின் நீரில் உழுது விதைத்து அறுத்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குடத்துக்குள் ஓலையாக விழுந்திருக்க முடியும்? அறிவுக்கு வைத்த தேர்வு நிலத்துக்கும் பிறப்புக்கும் வைத்த தேர்வாகவே முடிந்தது.

இது பழைய கதை என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக நம் மாவட்டத்துக்கே வருகிறேன். வெள்ளையர் ஆட்சியின் கடைசிப் பதிற்றாண்டுகளில் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் வாக்கு கொடுத்தார்கள். வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு வாக்கு இருந்தது, பண்ணையாட்களுக்கு இல்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். அந்த நிலையிலும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு என்று அரசமைப்புச் சட்டம் துணிந்தது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1969இல் கீழத்தஞ்சை உழவுத் தொழிலாளர்களுக்கான நியாயக் கூலிச் சட்டம், 1971இல் குடியிருப்பு மனைக்கு உரிமை தந்த சட்டம் என்று வந்தவற்றை எண்ணிப் பாருங்கள். அவை எளிதில் வரவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் உழவுத் தொழிலாளர் குடிசையில் 44 உயிர்கள் எரிந்தன. போராட்டமும் வாக்கும் சேர்ந்திராவிட்டால் அவை வந்திருக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை. தேர்வு வைத்திருந்தால் அந்தக் குடிசைகளில் ஒருவர்கூடத் தேறியிருக்கமாட்டார். வினாத்தாள் எழுதுபவர் மிராசுதார் வீட்டுப் பட்டதாரியாக இருந்திருப்பார்.

டெல்டாவின் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் "மக்களுக்குத் தெரியாது" என்ற பேச்சு அதிகம் கேட்டது. 2010இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது வல்லுநர் அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. நிலக்கரிப் படுகையிலிருந்து நீரை வெளியேற்றினால் மேல்மட்ட நிலத்தடி நீருக்கு என்ன ஆகும், கடல்நீர் எவ்வளவு உள்ளே வரும் என்று கேட்டவர்கள் மன்னார்குடியையும் திருவாரூரையும் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். வேளாண் அறிவியல் படித்து ஆய்வுநிலையப் பணியை விட்டுவந்த நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பேசினார். அந்தப் பரப்புரையின் நடுவில்தான் 2013 டிசம்பரில் மறைந்தார். மக்கள் கேட்ட பிறகுதான் மாநில அரசு தனியாக வல்லுநர் குழு அமைத்தது. 2015இல் திட்டத்துக்கு இடமில்லை என்று அறிவித்தது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. வல்லுநர்களிலேயே யாரைக் கேட்பது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை முடிவு செய்தது மக்களின் எதிர்ப்பு. அதிகாரம் முழுவதும் முதலில் அறிக்கை தந்த வல்லுநர்களிடம் இருந்திருந்தால் மாநில அரசின் இந்தக் குழுவே அமைந்திருக்காது.

பாமணியாறு எழுதியது:

நான் 2019 டிசம்பர் தேர்தலில் வென்று எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவள். தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் ஆண்டால் எப்படியிருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் நம் ஊராட்சிகளை அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எங்கள் அலுவலர் படித்தவர், நேர்மையானவர், விதிகளை நன்கு அறிந்தவர். ஆனால் எத்தனையோ ஊராட்சிகளுக்கு அவர் ஒருவரே பொறுப்பு. மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் எரிந்தால் அதைச் சொல்ல ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏறிப் போக வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதால் ஒன்றிய நிதிக்குழு மானியமும் நின்றுபோனது.

அந்த நிலையில்தான் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் தனியாக ஒரு மூதாட்டி இருக்கிறார், யாருடைய கூரை போனது, யாருடைய தென்னை சாய்ந்தது என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரிந்திருக்கும். அப்போது வார்டு உறுப்பினரே இல்லை. பட்டியலில் விடுபட்டவர்கள் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றுகூடத் தெரியாமல் சாலையில் உட்கார்ந்தார்கள். எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்களே வந்தார்கள். வல்லுநர் ஆட்சி வேண்டும் என்பவர்கள், அறிவு உள்ளவர் யார் என்று மட்டும் கேட்கிறார்கள். தவறு நடந்தால் நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வீரசோழன் எழுதியது:

மேலே உள்ளவற்றோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அயர்லாந்தில் 2016இல் 99 பொதுமக்களைத் தேர்தல் இல்லாமல், படிப்போ சொத்தோ பார்க்காமல், மக்கள்தொகையின் சாயல் தெரியும்படி தற்செயல் முறையில் தெரிவு செய்து ஒரு மன்றம் அமைத்தார்கள். கருக்கலைப்புச் சட்டம் போன்ற கடினமான பொருள்களில் மருத்துவர்களையும் சட்ட அறிஞர்களையும் வரவழைத்துக் கேட்டு, தங்களுக்குள் விவாதித்துப் பரிந்துரை செய்தார்கள். 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 66 சதவீதத்தினர் மாற்றத்துக்கு வாக்களித்தார்கள். குடவோலையிலிருந்து கால் வேலியையும் வேதத்தையும் நீக்கிவிட்டால் கிடைப்பது இதுதான். தலைமடை, இடைமடை, கடைமடை, நிலமற்றோர் என்று எல்லாத் தரப்பிலும் சீட்டுக் குலுக்கிச் சிலரை உட்காரவைத்து, பொறியாளர் கணக்கைச் சொல்ல அவர்கள் கேட்டுப் பேசினால், தொலைபேசி செய்யும் செல்வாக்குள்ளவர்களின் பிடி கொஞ்சம் தளரும்.

கோரையாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெண்ணாறு சொன்ன பிரிவினையை வைத்து எனக்குத் தெரிந்த ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். சரியா என்று சொல்லுங்கள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஈரம் மிகுந்த நெல் கிடங்கில் பூஞ்சை பிடித்துக் கெடும். இதை மறுக்க எனக்கு அறிவும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், ஊழியர் ஒரு கைப்பிடி நெல்லைக் கருவியில் போட்டு மூடும்போது சுற்றி நிற்கும் எல்லோருடைய கண்ணும் அந்தச் சிறு திரையிலேயே இருக்கும். 19 என்றோ 21 என்றோ எண் வந்ததும், மூட்டையை அவிழ்த்துச் சாலையோரத்தில் மறுபடியும் கொட்டிக் கிளற வேண்டியதுதான். இரவு மீண்டும் மழை வரும். பிறகு மாநில அரசு கடிதம் எழுதும், ஒன்றியக் குழு வந்து மாதிரி எடுக்கும், சில ஆண்டுகளில் மட்டும் தளர்வு கிடைக்கும். அது வருவதற்குள் பாதிப்பேர் வியாபாரியிடம் கேட்ட விலைக்குக் கொடுத்திருப்பார்கள். ஈரம் எவ்வளவு இருந்தால் நெல் கெடும் என்பது வல்லுநரின் பாடம். கெடாமல் உலர்த்தும் செலவை உழவர் ஏற்பதா, அரசு ஏற்பதா, நிலையத்திலேயே உலர்த்தும் இயந்திரம் வைப்பதா என்பது மக்கள் முடிவு செய்ய வேண்டியது. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிடுவதால்தான் நாங்கள் அந்தத் திரையைப் பார்த்துக் கோபப்படுகிறோம். சரிதானா?

அரசலாறு எழுதியது:

சரிதான். வெண்ணாறு அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியையும் ஏற்கிறேன். யார் இழப்பது என்பதைப் பொறியாளர் முடிவு செய்யக் கூடாது. ஆனால் ஓர் இடத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். குறுவையா சம்பாவா, எந்த ஆற்றுக்கு எத்தனை நாள் முறை என்பதை எல்லோரும் அறியும்படி பகலில் கூடி முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பிறகு அந்தப் பருவம் முடியும்வரை ஷட்டரின் மேல் வேறு யாருடைய கையும் படக் கூடாது, அமைச்சருடையதானாலும் சரி, ஊர்த் தலைவருடையதானாலும் சரி. முறையை மாற்ற வேண்டுமானால் மறுபடியும் கூட்டம் கூட்டி, காரணத்தை எழுதிவைத்து மாற்றட்டும். லஸ்கரைச் சூழ்ந்துகொண்டு இருபது பேர் கேட்பதை மக்களின் முடிவு என்று நான் ஒப்பமாட்டேன்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்படும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கின்றன; ஆட்சியர் நடத்தும் உழவர் குறைதீர் நாள் கூட்டம் மாதந்தோறும் நடக்கிறது. உங்கள் ஊர்க்காரர்கள் ஒரு மனு கொடுங்கள். அணை திறப்பை அறிவிப்பதற்கு முன் நீர் இருப்பு, எதிர்பார்க்கும் வரத்து, எத்தனை நாளைக்கு எத்தனை கன அடி, மழை குறைந்தால் எந்தப் பகுதிக்கு முதலில் நிறுத்துவார்கள் என்ற கணக்கைத் தமிழில் எழுதி ஒவ்வொரு நீரொழுங்கியிலும் ஒட்ட வேண்டும் என்று கேளுங்கள். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். அதைத்தான் இதுவரை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. மார்ச் மாதக் கூட்டத்திலேயே கொடுத்துவிடுங்கள், ஏப்ரலுக்குப் பிறகு தூர்வாரும் பணிகளைப் பற்றிப் பேசவே அங்கே நேரம் சரியாக இருக்கும்.